வீட்டுக்காரர் தூங்குகிறார்

என் வீட்டுக்காரருக்கு ராத்திரியில் வேலை, பகலில் தூக்கம். ஊர் உலகம் எல்லாம் பல் தேய்க்கும் நேரத்தில் அவர் வேலை முடிந்து வீடு வந்து செருப்பைக் கழற்றுவார். முன்பு இருந்த ஊரில் நான் மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பும்போது அவர் படுப்பார். நான் திரும்பி வரும்போது எழுந்து உட்கார்ந்து, இது காலையா மாலையா என்று ஜன்னலைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். இப்படித்தான் எங்கள் குடித்தனம் இத்தனை வருஷமாக ஓடுகிறது. ஒரே கட்டிலை ஷிப்ட் போட்டுப் பயன்படுத்துகிறோம் என்று என் அக்கா கேலி செய்வாள்.

அவர் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மெஷின் ஆள். படுக்கை விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறைப் பச்சை அங்கி எல்லாம் மாலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். விடிவதற்குள் துவைத்து, காயவைத்து, சூடான உருளைகளுக்கு நடுவே விட்டுத் தேய்த்து, மடித்து வார்டுகளுக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் உருளையில் நிற்பவர். ஈரத் துணியை இந்தப் பக்கம் சுருக்கம் இல்லாமல் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும். இந்த வேலை ஆளையே மாற்றிவிட்டது. எதைப் பார்த்தாலும் மடிப்பார். பஸ் டிக்கெட்டைக்கூட நாலாக மடித்துத்தான் வீசுவார். சண்டை போடலாம் என்று நான் வாயைத் திறந்தால் துவைத்த துணிக் குவியலுக்கு முன்னால் போய் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிடுவார். முதுகோடு எவ்வளவு நேரம் சண்டை போட முடியும்? எனக்குத்தான் வாய் வலிக்கும்.

பழைய ஊர் ஆஸ்பத்திரி சலவை வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. இவரோடு வேலை பார்த்தவர்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அலைந்து திரிந்து இந்தப் புது ஊரில், அதைவிடப் பெரிய ஆஸ்பத்திரியில் இவருக்கு இடம் கிடைத்தது. இங்கேயும் ராத்திரி ஷிப்ட்தான் காலி என்றார்கள். சரி என்று முதலில் அவர் மட்டும் போனார். மகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்ததும் நாங்கள் வருவதாக ஏற்பாடு. அதற்குள் அவர் வீடு பார்த்து வைக்க வேண்டும்.

அந்த வீடு எங்களுக்காக இல்லை, மகளுக்காக. அவளுக்கு ஒன்பது வயது. பழைய ஊரில் நாங்கள் இருந்தது லாரி ஓடும் சாலையை ஒட்டிய கட்டடத்தில், மூன்றாவது மாடி. சுற்றிலும் குடோன்கள். பிள்ளையைக் கீழே இறக்கிவிட வழியில்லை. கொடியில் மாட்டும் கிளிப்புகளுக்குப் பெயர் வைத்து அவற்றோடு பேசிப் பேசி வளர்ந்தாள். நானும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிட்டேன். போன வருஷம் அவளுடைய டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "மத்த பிள்ளைங்க விளையாடுறப்ப இவ சுவரோரமாவே நிக்கிறா. கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறா. பிடிவாதம் இல்லைங்க, எப்படிப் போய்ச் சேர்ந்துக்கிறதுன்னே தெரியல அவளுக்கு" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. பாட்டு, கணக்கு எதுவானாலும் ஆள் வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம். இதற்கு எந்த டியூஷனில் போய்ச் சேர்ப்பது?

அதனால் போனில் அவரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். "குடும்பத்துக்கு ஏத்த ஏரியாவா இருக்கணும். பிள்ளை இறங்கினா கூட விளையாட நாலு பிள்ளைங்க இருக்கணும். அது இருந்தாப் போதும், தண்ணி உப்பா இருந்தாலும் நான் குடிச்சுக்கிறேன்."

அவரும் தேடினார். ஆனால் எப்போது தேடினார்? வேலை முடிந்து, கண் செருகிக்கொண்டு வருகிற காலை நேரத்தில். அந்த நேரத்தில் எந்தத் தெருதான் மோசமாக இருக்கும்? பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பெரியவர்கள் வேலையில். எல்லாத் தெருவும் பார்க்கப் பரம சாதுவாக இருந்திருக்கும். ஒரு நாள் போன் செய்து, "ரொம்ப அருமையான ஏரியா. பார்க்குல பெஞ்சு போட்டிருக்காங்க. உக்காந்ததுதான் தெரியும், அப்படி ஒரு தூக்கம்" என்றார்.

"உங்க தூக்கத்துக்கா வீடு பாக்குறீங்க?" என்று கத்தினேன். "அந்தப் பார்க்குல ஒரு பிள்ளையாவது இருந்துச்சா?"

"ஒரு கிழவர் இருந்தார். அவரும் தூங்கிட்டுத்தான் இருந்தார்" என்றார்.

வார லீவு நாளில், மாலை நேரத்தில் போய்ப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் தேடல் சரியான பாதைக்கு வந்தது. வாசலில் கிடக்கும் குட்டிச் செருப்புகளைப் பார்க்க ஆரம்பித்தார். சுவரில் சாத்தியிருக்கும் சின்னச் சைக்கிள்களை, தரையில் சாக்பீஸால் போட்ட கட்டங்களைப் பார்த்து வந்து சொன்னார். கூட வந்த வீட்டு புரோக்கருக்குத்தான் தலை சுற்றியிருக்கிறது. அந்த ஆள் பிறகு ஒரு நாள் என்னிடமே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இவரை ஒரு தெருவுக்குக் கூட்டிப்போய், "நல்ல அமைதியான இடம் சார். அக்கம்பக்கத்துல ஆள் இருக்காங்களான்னே சந்தேகம் வரும்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"வேணாங்க. சத்தமா எங்கயாவது இருக்கா?"

"சத்தமாவா? எதுக்கு சார், கடை போடப் போறீங்களா?"

"இல்லீங்க, குடித்தனம்தான். பிள்ளைங்க சத்தம் நிறைய இருக்கணும்."

புரோக்கர் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, யாருமே வேண்டாம் என்று ஒதுக்கிய ஒரு காம்பவுண்டுக்குக் கூட்டிப்போனார். நடுவில் சிமென்ட் முற்றம், சுற்றி எட்டுக் குடித்தனம், மாடியில் வீட்டு உரிமையாளர் பூட்டி வைத்திருக்கும் ஒற்றை அறை. உரிமையாளர் வேறு பேட்டையில் பெரிய வீட்டில் இருக்கிறார், எப்போதாவது எட்டிப் பார்ப்பார் என்றார் புரோக்கர். முற்றத்துச் சுவர் முழுக்கப் பந்து பட்டுப் பட்டு வட்ட வட்டமாக அழுக்கு. "சார், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. இங்க பக்கத்துல உக்காந்து பேசினாக்கூடக் கேக்காது" என்று அவர் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்ததாம்.

அப்போதுதான் எனக்குப் போன் வந்தது. எடுத்தால் அவர் குரலே இல்லை. ஒரே கூச்சல், ஓட்டம், யாரோ யாரையோ ஏமாற்றுக்காரா என்று திட்டும் குரல். "எங்க நிக்கிறீங்க? என்ன சத்தம் அது?" என்று பதறினேன்.

"நம்ம வீட்டு வாசல்ல" என்றார்.

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அந்தக் கூச்சலையே கேட்டேன். கொஞ்சம் கழித்துத்தான் புத்தி வந்தது. "அது சரி, இந்தச் சத்தத்துல நீங்க பகல்ல எப்படித் தூங்குவீங்க?"

"நானா? மெஷின் பக்கத்துல நின்னு நின்னு காது மரத்துப்போச்சு. தலைமாட்டுல இடி விழுந்தாலும் புரண்டு படுப்பேன், அவ்வளவுதான்."

நம்பினேன். நம்பாவிட்டால் வேறு வீடு தேட வேண்டும், அதற்கு எங்கள் இருவரிடமுமே தெம்பு இல்லை.

நாங்கள் சாமான் சட்டியோடு வந்து இறங்கியபோது பள்ளிகளுக்கு நீண்ட விடுமுறை ஆரம்பித்திருந்தது. அதாவது, பிள்ளைகள் காலையிலிருந்தே முற்றத்தில். அவர் வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டு, தலையைச் சாய்க்கும் நேரமும் முதல் பந்து எங்கள் சுவரில் வந்து மோதும் நேரமும் ஒன்றாக இருந்தது. கட்டில் போட்ட அறைக்கும் முற்றத்துக்கும் நடுவே அந்தச் சுவர்தான். ஜன்னலைச் சாத்தினால் அறை புழுங்கியது, திறந்தால் காம்பவுண்டே கட்டிலில் வந்து உட்கார்ந்தது. காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு படுத்திருப்பார். "தூங்கினீங்களா?" என்றால், "நல்லாத் தூங்கினேன்" என்பார். கண் இரண்டும் செக்கச்செவேல் என்று இருக்கும்.

மகள் முதல் இரண்டு நாளும் வாசற்படியை விட்டு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பந்து உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. "ஏய் புதுசு, பந்தை எடுத்துப் போடு!" என்று ஒரு குரல் வந்தது. அவள் பந்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் வெளியில் பார்க்காதவள் போலப் பாத்திரம் விளக்கிக்கொண்டு இருந்தேன். எடுத்துப் போட்டாள். அது அவர்கள் பக்கம் போகாமல் தண்ணீர்த் தொட்டிக்குள் போய் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். இவள் அழப் போகிறாள் என்று நான் எழுந்தேன். பார்த்தால் இவளும் சிரிக்கிறாள். அன்றிலிருந்து அவளுக்கு அந்தக் காம்பவுண்டில் பெயரே "புதுசு". அந்த வாரக் கடைசியில் முழங்கால் சிராய்த்து வந்து, ஏதோ பரிசு வாங்கி வந்த மாதிரி என்னிடம் காட்டினாள். மருந்து போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷம்தான். ஆனால் சந்தோஷப்படுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டியிருந்தது.

ஒரு நாள் காலை அவர் விரல்களில் கட்டோடு வந்தார். உருளையில் துணியைக் கொடுக்கும்போது கண் சொக்கியிருக்கிறது. கை உள்ளே போவதற்குள் பக்கத்தில் இருந்தவர் மெஷினை நிறுத்தியிருக்கிறார். இரண்டு விரல் நுனி வெந்ததோடு போயிற்று. "இன்னொரு தடவை உங்களை இப்படிப் பாத்தா மெஷின்ல நிக்க விட மாட்டேன், வீட்டுக்குத்தான் அனுப்புவேன்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அவரைப் படுக்க வைத்துவிட்டு நேராக முற்றத்துக்குப் போனேன். பிள்ளைகள் அப்போதுதான் அணி பிரித்துக்கொண்டு இருந்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா வாசலில் மெஷினைப் போட்டுத் தைத்துக்கொண்டு இருந்தார். பிள்ளைகளைப் பார்த்து, "வீட்டுக்காரர் தூங்குறார்ப்பா. இன்னைக்குக் கொஞ்சம் மெதுவா விளையாடுங்க" என்றேன்.

தையல்காரம்மாவின் கால் மெஷினிலேயே நின்றுவிட்டது. "வீட்டுக்காரரா? இங்கயா? எப்ப வந்தார்?"

"காலையிலதாங்க வந்தார். படுத்தார்னா எழுந்திரிக்கச் சாயங்காலம் ஆயிடும்."

"இனிமே தினமும் இங்கதானா?"

"பின்ன வேற எங்க போவார்?"

அந்த அம்மா முகமே மாறிப்போனது. பாவம், நம் கஷ்டம் புரிகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் எழுந்து போய்ப் பிள்ளைகளிடம் ஏதோ குசுகுசு என்று சொன்னார். அடுத்த நிமிஷம் முற்றத்தில் ஈ காக்கை இல்லை.

நான் கேட்டது ஒரு நாளைக்கு. கிடைத்தது அதற்கு மேலே. அடுத்த நாளும் சத்தம் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. தையல்காரம்மா மெஷினை உள்ளே எடுத்துப்போய்விட்டார். எதிர்வீட்டுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். யாரோ சுவரில் இருந்த பந்து அழுக்கைத் துடைத்துக்கூட விட்டார்கள். ஒரு மனுஷன் தூங்க வேண்டும் என்றால் இப்படி ஒரு காம்பவுண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்குமா! பழைய ஊரில் செத்தால்கூட ஹாரனை நிறுத்த மாட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது.

ஸ்கூட்டர்காரர் ஒரு நாள் என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, வீட்டுக்காரர் கோவமா இருக்காரா?"

"அவருக்கு எங்கங்க கோவம் வரும்? தூக்கம் இல்லாததுதான். இப்ப பரவாயில்ல."

"வாடகையைப் பத்தி ஏதாவது பேசினாரா?"

இது என்ன கேள்வி என்று இருந்தது. "வாடகையெல்லாம் நான் பாத்துக்குவேங்க, அவர் அதுல தலையிட மாட்டார்" என்றேன். அவர் இரண்டு அடி பின்னால் தள்ளி நின்று, ரொம்ப மரியாதையாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

இவர் அடித்துப் போட்டாற்போல் தூங்கினார். முகத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்தது. எழுந்து உட்கார்ந்து என்னிடம் ஜோக் அடித்தார். "இந்தப் பிள்ளைங்களுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "வெயிலா இருக்குல்ல, உள்ள விளையாடுறாங்க போல" என்றேன். நான் கேட்டுக்கொண்டதை அவரிடம் சொல்லவில்லை.

ஆனால் மகள் மறுபடி வாசற்படிக்கு வந்துவிட்டாள். பிள்ளைகள் காம்பவுண்டுக்குப் பின்னால், வேன்கள் நிறுத்தும் மண்தரையில் விளையாடப் போகிறார்கள் என்று சொன்னாள். "நீயும் போயேன்" என்றேன். போனாள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். அடுத்த நாள் பார்க்கிறேன், கொடியில் இருந்த கிளிப்புகளைக் கழற்றிப் படியில் வரிசையாக உட்கார வைத்திருந்தாள்.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளே கேட்டாள். "அம்மா, நான் யாரைப் பத்தியாவது கோள் சொல்லுவேனா?"

"யார்கிட்ட?"

"வீட்டுக்காரர்கிட்ட. நான் வந்தா எல்லாரும் ஆட்டத்தை நிறுத்திடுறாங்க. 'புதுசு போய் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடுவா'ங்கிறாங்க. நான் அவரைப் பார்த்ததே இல்லைம்மா."

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அப்படியே எழுந்து தையல்காரம்மா வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"அக்கா, வீட்டுக்காரர் தூங்குறார்னு சொன்னேனே, நீங்க யாருன்னு நினைச்சீங்க?"

"யாருன்னா? ஓனர்தான். வந்து படுத்திருக்கார்னு நீதானே சொன்னே? மாடி ரூம்லதான்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்."

"ஐயோ, என் புருஷனைச் சொன்னேன்க்கா!"

அந்த அம்மா வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "புருஷன்னா 'எங்க வீட்ல'ன்னு சொல்லணும்மா! இங்க நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். வீட்டுக்காரர்னா வாடகை வாங்குறவர்தான். நீ 'எங்க வீட்டுக்காரர்'னாவது சொல்லியிருக்கக் கூடாதா? வெறும் வீட்டுக்காரர்னா நாங்க என்னத்த கண்டோம்?"

பிறகுதான் முழுக் கதையும் வந்தது. முன்பு ஒரு குடித்தனத்துப் பிள்ளை ஜன்னல் கண்ணாடியை உடைத்ததற்காக உரிமையாளர் அவர்களை அந்த மாதமே காலி செய்ய வைத்திருக்கிறார். இப்போது அவர் மாடியிலேயே வந்து தங்கிவிட்டார், நான் அவருக்குச் சொந்தக்காரி, வாடகையை உயர்த்துவதற்கு வேவு பார்க்க வந்தவள் என்று எட்டுக் குடித்தனமும் நடுங்கிப்போய் இருந்திருக்கிறது. பூட்டு தொங்குகிற அறையைப் பார்த்து இத்தனை நாள் பயந்திருக்கிறார்கள். ஸ்கூட்டர்காரர் போட்ட கும்பிடை நினைத்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த அம்மாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சிரித்து ஓய்ந்ததும் இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். தையல்காரம்மாதான் மெதுவாகச் சொன்னார். "நான் போய் எல்லார்கிட்டயும் சொன்னா இன்னைக்கே பிள்ளைங்க திரும்பி வந்துடும். நீ சொல்றவரைக்கும் வாயைத் திறக்கல. பாவம், அந்த மனுஷனும் தூங்கணும்ல."

வீட்டுக்கு வந்தேன். கட்டுப் போட்ட கையை மார்மேல் வைத்துக்கொண்டு அவர் தூங்கிக்கொண்டு இருந்தார். வாசற்படியில் மகள் கிளிப்புகளோடு. எனக்கு அப்படி ஒரு அலுப்பு வந்தது. யாருமே சொல்லாத ஒரு பொய், தானாக முளைத்து, அவரைத் தூங்க வைத்துக்கொண்டு இருந்தது. அதைத் தொடாமல் விட்டால் அவர் கை தப்பிக்கும், வேலை தப்பிக்கும். விடுமுறை முடியும் வரைக்கும்தானே என்று மனசு பேரம் பேசியது. அதற்குள் இவள் பழையபடி சுவரோரம் போய் நின்றுவிடுவாள் என்பதும் தெரிந்தது. இரண்டில் ஒன்றை என்னால் எடுக்க முடியவில்லை. அவர் எழுந்திருக்கும் வரை அந்த அறையிலேயே உட்கார்ந்து இருந்தேன்.

எழுந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். கட்டில் ஆடும்படி சிரித்தார். "அடிப்பாவி, எட்டு வீடும் நமக்கேவா? முன்னாடியே சொல்லியிருந்தா வாடகையை வசூல் பண்ணிட்டு வேலையை விட்டிருப்பேனே" என்றார். சிரித்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டு, "அப்ப இத்தனை நாளா பாப்பா யார்கூட விளையாடினா?" என்று கேட்டார்.

நான் வாசற்படியைக் காட்டினேன்.

பார்த்தார். போர்வையை எடுத்து மடித்தார். மடித்து முடித்துவிட்டு, அந்தக் கசங்கிய பனியனோடே எழுந்து போய் முற்றத்தின் நடுவில் நின்றார். "எல்லாரும் கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டார். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. "வீட்டுக்காரர் நான்தாங்க" என்றார். "ஆனா இவளுக்கு மட்டும்தான். மாடியில எலிகூட இல்ல, போய்ப் பாத்துக்குங்க."

முதலில் தையல்காரம்மா சிரித்தார், பிறகு எல்லோரும். ஸ்கூட்டர்காரருக்குத்தான் போட்ட கும்பிடைத் திருப்பி வாங்க வழியில்லாமல் போயிற்று. விஷயம் தெரிந்ததும் நல்ல மனதோடுதான் பேசினார்கள். "மத்தியானம் வரைக்கும் பிள்ளைங்களை அடக்கி வைக்கிறோம் சார், நீங்க தூங்குங்க" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"வேணாங்க" என்றார் இவர். "நான் படுத்தா செத்தவன் மாதிரி. எந்தச் சத்தமும் கேக்காது. என் விரல் வெந்தது என் கவனக்குறைவு. பிள்ளைங்க விளையாடட்டும்."

உள்ளே வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "அவங்களே அடக்கி வைக்கிறேங்கிறாங்க. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

"யாரால அடக்குறாங்கன்னு பிள்ளைங்களுக்குத் தெரியாதா? தினமும் காலையில ஆட்டத்தைக் கெடுக்கிறது புதுசோட அப்பான்னு ஆயிடும். அப்புறம் இவளை யார் சேர்த்துக்குவா?"

"அப்ப மெஷின்ல கை போனா?"

"அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். இரண்டு நாள் கழித்து அவர் சட்டையில் வாசனை மாறியிருந்ததை வைத்து நானே கண்டுபிடித்தேன். இத்தனை வருஷமாக அவரிடம் சூடான துணி வாசனைதான் வரும். இது கிருமிநாசினி நெடி. சலவைப் பிரிவில் இரண்டு பக்கம் உண்டு, சுத்தப் பக்கம், அழுக்குப் பக்கம். வார்டிலிருந்து வரும் மூட்டைகளைப் பிரித்து ரத்தம், வாந்தி எல்லாவற்றையும் பார்த்துத் தனித்தனியாகப் போடுவது அழுக்குப் பக்கம். புதிதாகச் சேருகிறவர்களை அங்கேதான் நிற்க வைப்பார்கள். அவரே போய் சூப்பர்வைசரிடம் கேட்டு அங்கே மாறிக்கொண்டிருக்கிறார். சம்பளமும் குறைவுதான்.

"அங்க உருளை கிடையாது" என்றார், நான் கேட்டதும். "கண் சொக்கினாலும் கை வேகாது."

"விரிப்புல ஊசி ஏதாவது கிடந்தா?"

"தடிக் கையுறை குடுத்திருக்காங்க. நீ சும்மா இரு."

நான் சும்மா இருக்கவில்லை, வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் மடிப்பதற்குத் துணி தேடினார். துவைத்தது எதுவும் இல்லை. அதனால் முழுதும் கேட்டுக்கொண்டு இருந்தார். "ஸ்கூல் திறந்துட்டா காலையில தூங்கிக்குவேன்" என்று மட்டும் கடைசியில் சொன்னார். சனியும் ஞாயிறும் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது?

பிள்ளைகள் முற்றத்துக்குத் திரும்பிவிட்டார்கள். துடைத்த சுவரில் மறுபடி அழுக்கு ஏறிக்கொண்டு இருக்கிறது. நான் இங்கேயும் பக்கத்துத் தெரு மருந்துக்கடையில் வேலை கேட்டிருக்கிறேன், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்கள். மகளுக்கு மட்டும் அப்பாவின் விஷயத்தில் கொஞ்சம் சந்தேகம். ஆட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னால் தினமும் உள்ளே வந்து சோதித்துவிட்டுத்தான் போவாள்.

நேற்றும் வந்தாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பூனை மாதிரி நடந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அப்பா, தூங்கிட்டீங்களா?"

அவர் அசையவில்லை. மூச்சு சீராக வந்தது. அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தாள். திருப்தி ஆனதும் அதே பூனை நடையில் வாசல் வரைக்கும் போனாள். படியைத் தாண்டியதும் தொண்டை கிழியக் கத்தினாள்.

"தூங்கிட்டாரு! வாங்கடா!"

பந்து சுவரில் வந்து மோதியது. அலமாரிமேல் இருந்த டம்ளர் அதிர்ந்தது. அவருக்குக் கொஞ்சமாவது சத்தம் குறையட்டும் என்று கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதே" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"தூங்கலையா நீங்க?"

"இத்தனை குரலுக்கு நடுவுல அவ குரல் எதுன்னு இப்பத்தான் பிடிபட ஆரம்பிச்சிருக்கு. அவ கத்தி நான் கேட்டதே இல்லையே."

நான் கதவைத் திறந்தே விட்டேன்.